வெர்லீன் பெயர் வைத்த நிறம்

வெர்லீன் டட்டில் ஓட்டும் பள்ளிப் பேருந்தில் சத்தம் போடும் உரிமை அவளுக்கு மட்டும்தான். பதினான்காம் எண் வண்டி. இருபத்திரண்டு வருடமாக ஒரே வழி: ஆரஞ்சுத் தோப்புகளைச் சுற்றி, பாஸ்பேட் சுரங்கக் குழிகளைத் தாண்டி, ஏரிக்கரை வீடுகள் வரை போய்த் திரும்பும். ஒருநாள் பின் இருக்கையில் கிடந்த சாப்பாட்டுப் பைக்குள்ளிருந்து விஷமில்லாத ஒரு சோளப்பாம்பு தலையை நீட்டியது. நாற்பது பிள்ளைகளும் ஜன்னல் வழியாக வெளியேறப் பார்த்தார்கள். வெர்லீன் வண்டியை ஓரங்கட்டினாள், பாம்பை எடுத்து இடது மணிக்கட்டில் சுற்றிக்கொண்டாள், மீதி வழியை அப்படியே ஓட்டி முடித்தாள். மேலதிகாரி எழுத்தில் விளக்கம் கேட்டார். "மற்ற பயணிகளை விட அதுதான் ஒழுங்காக உட்கார்ந்திருந்தது" என்று எழுதிக் கொடுத்தாள்.

அதுதான் அவளுடைய முதல் பாம்பு. நான் எங்கள் வட்டாரப் பாம்பு வளர்ப்போர் சங்கத்தில் சேர்ந்தபோது அவள் வீட்டுப் பின்னறையில் அறுபது இருந்தன. என்னிடம் இன்றுவரை இரண்டுதான், அதனால் சங்கத்தில் எனக்குப் பேச்சு குறைவு, காது அதிகம்.

எங்கள் கூட்டத்தில் பாம்பைப் பற்றிப் பேசுவதாக நினைத்துக்கொண்டு நிறத்தைப் பற்றித்தான் பேசுவோம். காட்டில் பிடித்தால் சோளப்பாம்பு ஆரஞ்சு நிறத்தில், சிவப்புத் திட்டுகளோடு இருக்கும். வீட்டில் வளர்ப்பவர்கள் அதை வெள்ளையாக, இளஞ்சிவப்பாக, கத்தரிப்பூ நிறமாக ஆக்கி, ஒவ்வொன்றுக்கும் வெண்ணெய், தேன், பனி, கேரமல் என்று மிட்டாய்க் கடைக்காரன் மாதிரி பெயர் வைத்திருக்கிறார்கள். புதிதாக ஒரு நிறத்தைக் கண்டுபிடித்து அதற்குத் தன் வாயால் ஒரு பெயர் வைத்துவிட வேண்டும் என்பது ஒவ்வொருவருக்கும் உள்ளூர இருக்கும் ஆசை. வெர்லீனுக்கு அது உள்ளூர எல்லாம் இல்லை, வெளிப்படையாகவே இருந்தது.

அவள் கணவன் ஹோய்ட் ஏசி மெக்கானிக். ஆறடி மூன்றங்குலம். பாம்பு என்றால் பயம். பின்னறை ஏசியைச் சுத்தம் செய்யப் போகும்போதெல்லாம் கண்ணை ஏணியின் மேல்படியில் மட்டுமே வைத்திருப்பான்.

அந்த வருடம் ஆகஸ்டில் புயல் வந்தது. தெற்கே கடலோரத்து முதியோர் இல்லத்தைக் காலி செய்யப் பள்ளிப் பேருந்துகளை அழைத்தார்கள். வெர்லீன் புறப்பட்டாள். பின்னறையில் இன்குபேட்டருக்குள் இருபத்திரண்டு முட்டைகள் மூன்றாவது வாரத்தில் இருந்தன.

"எண்பத்திரண்டு டிகிரி, ஹோய்ட். ஏறவும் கூடாது, எறங்கவும் கூடாது. கரண்ட் போனா ஜெனரேட்டரைப் போடு."

"சூடும் குளிரும்தானே என் பொழைப்பு. எனக்கே சொல்றியா?" என்றான் ஹோய்ட்.

அதன்பிறகு நடந்தது எனக்கு ஐந்து வருடம் கழித்துத்தான் தெரிய வந்தது. ஆனால் உங்களையும் ஐந்து வருடம் காக்க வைப்பது நியாயமில்லை, இப்போதே சொல்லிவிடுகிறேன்.

கரண்ட் போனது. ஹோய்ட் ஜெனரேட்டரை இழுத்து வெளியே வைத்த நேரத்தில் பக்கத்து வீட்டு லாங்ஃபோர்டின் மனைவி ஓடி வந்தாள். லாங்ஃபோர்டு ஆக்சிஜன் மிஷினில் இருப்பவர். ஹோய்ட் யோசிக்கவே இல்லை, ஜெனரேட்டரைத் தூக்கிக் கொடுத்துவிட்டான். மறுநாள் வெயில் அடிக்க, பூட்டிய வீடு அடுப்பு மாதிரி ஆனது. இன்குபேட்டர் முள் ஃபாரன்ஹீட்டில் தொண்ணூற்றாறைக் காட்டியது. முட்டை வெந்துவிடும் என்று பயந்து, முட்டை டப்பாவை ஒரு துண்டில் சுற்றி, ஐஸ் போட்டு பீர் வைக்கும் தன் ஐஸ்பெட்டிக்குள் வைத்தான். ஒரு மணி நேரம் வைத்து எடுத்துவிடலாம் என்பது திட்டம். அதற்குள் தெருமுனையில் ஓக் மரம் விழுந்து வழி அடைத்துக்கொண்டது. ரம்பத்தோடு போனவன், அடுத்தடுத்து நாலு வீட்டு மரத்தை அறுத்து, ஒரு வீட்டில் தின்று, ஒரு வீட்டில் தூங்கி, ஒன்றரை நாள் கழித்து ஒரு பீர் எடுக்கலாம் என்று ஐஸ்பெட்டியைத் திறந்தபோதுதான் அவனுக்கு நினைவு வந்தது.

முட்டைகள் சில்லென்று கிடந்தன. துடைத்து இன்குபேட்டரில் வைத்தான். அன்று மாலையே கரண்ட் வந்தது. சூட்டை எண்பத்திரண்டுக்குத் திருகி வைத்தான்.

வெர்லீன் மூன்று நாள் தூங்காத முகத்தோடு வந்து நேராகப் பின்னறைக்குப் போனாள். முள்ளைப் பார்த்தாள். எண்பத்திரண்டு. திரும்பி வந்து ஹோய்ட்டின் நெற்றியில் முத்தம் கொடுத்தாள். "உன்னை மாதிரி ஒருத்தன் யாருக்குக் கிடைப்பான்" என்றாள். கல்யாணமான பத்தொன்பது வருடத்தில் பாம்பு விஷயத்தில் அவனுக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது. அவன் போய் ஐஸ்பெட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தான்.

பதின்மூன்று முட்டை அழுகிப்போனது. ஒன்பது பொரிந்தது. இரண்டுக்கு வால் கோணல். தாய்ப்பாம்புதான் சரியில்லை என்று வெர்லீன் அதை சீப்ரிங் ஊரில் ஒருவருக்குக் கொடுத்துவிட்டாள். ஆனால் கடைசியாகப் பொரிந்தது வேறு ரகம். ஆரஞ்சு இல்லை. அடுப்புக் கரி பூசிய மாதிரி இருண்ட சாம்பல். முதுகில் திட்டுகள் தனித்தனியாக இல்லாமல் ஒன்றோடொன்று ஒட்டி, கழுத்திலிருந்து வால் வரை ஒரே கோடாக ஓடின. வெர்லீன் அதன் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள். அன்று மத்தியானத்துக்குள் பாம்புக்கு டீக்கன் என்றும், நிறத்துக்குப் 'புயல்சாம்பல்' என்றும் பெயர் வைத்தாகிவிட்டது.

எங்கள் சங்கம் மாதம் ஒரு சனிக்கிழமை, கெளுத்தி மீன் வறுவல் கடையின் பின்னறையில் கூடும். அடுத்த கூட்டத்துக்கு டீக்கன் துணிப்பையில் வந்தான். மீனுக்காக ஹோய்ட்டும் வந்திருந்தான்.

எங்களில் விஷயம் தெரிந்தவர் ஓகில்ஸ்பி. முப்பது வருடம் உயிரியல் நடத்தி ஓய்வு பெற்றவர்.

"வாத்தியாரே, கண்ணாடியத் தொடச்சுட்டுப் பாருங்க" என்று வெர்லீன் பாம்பை அவர் கையில் வைத்தாள்.

அவர் நெடுநேரம் புரட்டிப் பார்த்தார். "அழகா இருக்கான். முட்டைக்குச் சூடு எப்படி இருந்துச்சு?"

"எண்பத்திரண்டு. ஒரு புள்ளி ஏறல, எறங்கல. என் புருஷனே காவல் இருந்தான்."

ஹோய்ட்டுக்குப் புரை ஏறியது. மீன்முள் என்று நினைத்து நான் முதுகில் தட்டினேன்.

"பதிமூணு முட்டை வீணாப் போச்சு, ரெண்டுக்கு வால் கோணல்னு சொன்னீங்க" என்றார் ஓகில்ஸ்பி. "எனக்கென்னவோ முட்டைக்கு ஏதோ ஆயிருக்குன்னு படுது. அடுப்பு பாதியில அணைஞ்சா கேக்கு ஒரு பக்கமா அமுங்கிப்போகும், வெர்லீன். அதுக்காக அந்தக் கேக்குக்கு ஒரு வம்சம் வந்துடாது."

"என் பாம்பைக் கேக்குன்றீங்க."

"நல்ல கேக்குன்றேன்."

"இது ஜீன். ரத்தத்துல இருக்கு."

"இருந்தா சந்தோஷம். வளர்த்து நிரூபிங்க. ஒரு சாதாரணப் பொட்டையோட சேருங்க. பொறக்கறதெல்லாம் சாதாரணமாத்தான் இருக்கும், ஜீன் இருந்தாலும் உள்ளே மறைஞ்சு நிக்கும். அதுல உள்ள பொட்டைங்க பெருசானதும் மறுபடி இவனோடயே சேருங்க. ஜீன்னா, பேரன் பேத்தி பாதிக்குப் பாதி சாம்பலா வரணும்."

"பாம்புல அப்பன் மக முறையெல்லாம் பாக்கறதில்லையா?" என்றான் ஹோய்ட், புரை அடங்கி.

பந்தயம் அங்கேயே முடிவானது. சாம்பல் வரவில்லை என்றால், டாம்பாவில் நடக்கும் பாம்புக் கண்காட்சியில் வெர்லீன் மேஜைமேல் ஏறி நின்று 'வாத்தியார் சொன்னதே சரி' என்று சொல்ல வேண்டும். வந்துவிட்டால், ஓகில்ஸ்பி ஒரு வாரம் பதினான்காம் எண் வண்டியில் முன்சீட்டில் உட்கார்ந்து பிள்ளைகளை அடக்க வேண்டும். பாம்பு வளர்ந்து பெரிதாகி, பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளைகள் வளர எத்தனை வருடம் ஆகும் என்று விரல் விட்டுப் பார்த்தேன். ஐந்து. இருவரும் சளைக்காமல் கை குலுக்கினார்கள்.

டீக்கன் வளர்ந்தான். வளர வளர ஒரு சங்கடம். ஒவ்வொரு முறை சட்டை உரிக்கும்போதும் கொஞ்சம் கரி போய்க்கொண்டிருந்தது. இரண்டாம் வருடம் சாம்பல் தவிட்டு நிறமானது. மூன்றாம் வருடம் தொண்டையில் மஞ்சள் எட்டிப் பார்த்தது.

வெர்லீன் விடவில்லை. வெள்ளை விளக்கை மாற்றி மங்கல் விளக்குப் போட்டாள். காகித விரிப்பை எடுத்துவிட்டுக் கரும்பட்டைத் தூள் கொட்டினாள். அறையைக் குளிர்த்திப் பார்த்தாள், சூடாக்கிப் பார்த்தாள். எலியை மாற்றினாள். ஒரு மாதம் மழைநீர் மட்டும் வைத்தாள். டீக்கன் எல்லாவற்றையும் பொறுமையாக அனுபவித்தான், வாரம் ஒரு எலி தின்றான், மேலும் வெளுத்தான்.

"வயசானா நிறம் மாறத்தான் செய்யும், வாத்தியாரே" என்றாள் ஒரு கூட்டத்தில். "எனக்கும் சின்ன வயசுல முடி கறுப்பு."

"இப்பவும் கறுப்பாத்தானே இருக்கு."

"இது கடையில வாங்கினது."

"அதைத்தானே நானும் சொல்றேன். எது கூடப் பொறந்தது, எது கடையில வாங்கினதுன்னு பாக்கணும்."

வெர்லீன் ஒரு மீன் துண்டை அவர் தட்டிலிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இதற்கிடையில் ஹோய்ட்டுக்கு என்னவோ ஆகியிருந்தது. முதலில் பின்னறைக்குப் புது அலமாரி அடித்தான். யாரும் கேட்கவில்லை. பிறகு தண்ணீர்க் கிண்ணங்களைக் கழுவ ஆரம்பித்தான், நீளக் கையுறை போட்டுக்கொண்டு. பிறகு கையுறை குட்டையானது. பிறகு காணாமல் போனது. ஞாயிறு தோறும் சர்ச் முடிந்து வந்ததும் கோட்டைக் கழற்றாமலே பெட்டிகளைச் சுத்தம் செய்தான். வெர்லீன் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அவனுக்கு வேற யாரோ இருக்கா."

"பாம்புப் பெட்டி கழுவறதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?"

"பத்தொன்பது வருஷம் கழுவாதவன் திடீர்னு கழுவினா, வேற எங்கயோ அழுக்குப் பண்ணியிருக்கான்னு அர்த்தம். செவ்வாக்கெழமை ஆனா வேன எடுத்துக்கிட்டுப் போயிடறான். எங்கன்னு கேட்டா ஏசி ரிப்பேருன்றான்."

அடுத்த செவ்வாய் அவள் அவனைப் பின்தொடர்ந்தாள். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு அப்படியே கிளம்பியதால், நாற்பதடி நீள மஞ்சள் பேருந்திலேயே பின்தொடர்ந்தாள். ஹோய்ட் கண்ணாடியில் பார்த்திருப்பான், பார்த்தாலும் தற்செயல் என்று நினைக்கக்கூடிய மனசு அவனுக்கு. வேன் ஓகில்ஸ்பி வீட்டு வாசலில் நின்றது. ஓகில்ஸ்பியே வந்து கதவைத் திறந்தார். வெர்லீன் சிரித்துக்கொண்டே வண்டியைத் திருப்ப முயன்றாள். முட்டுச்சந்து, தபால்பெட்டி ஒன்று சாய்ந்தது.

அன்று உள்ளே நடந்ததை ஓகில்ஸ்பி பின்னாளில் எனக்குச் சொன்னார். பழுதே இல்லாத அவர் வீட்டு ஏசியை ஹோய்ட் ஐந்தாவது தடவையாகப் பிரித்து வைத்துக்கொண்டு, "சும்மா ஒரு பேச்சுக்குக் கேக்கறேன் சார். ஒரு முட்டை, ஒரு ஒன்றரை நாள், பீர் மாதிரி குளிர்ல இருந்தா நிறம் மாறுமா?" என்று கேட்டான்.

"மாறலாம். திட்டு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கலாம். கருப்படிக்கலாம். வால் கோணலாகலாம். நெறைய செத்தும் போகும்."

"அது புள்ளைங்களுக்கு வருமா?"

"வராது. உனக்கு அம்மை போட்ட தழும்பு உன் புள்ளைக்கு வருமா?"

ஹோய்ட் ஏசியை மூடித் திருகாணி முடுக்கினான். ஓகில்ஸ்பிக்கு எல்லாம் புரிந்துவிட்டது. "அது நீ சொல்ல வேண்டியது, ஹோய்ட். நான் சொல்லமாட்டேன்" என்றார். பந்தயத்தை அன்றே ஜெயித்திருக்கலாம். வாயைத் திறக்கவில்லை.

ஐந்தாம் வருடம் ஆகஸ்ட். டீக்கனின் இரண்டு மகள்கள் அவனோடு சேர்ந்து போட்ட முப்பத்தொரு முட்டைகளில் இருபத்தொன்பது பொரிந்தன. வெர்லீன் ஒரு சனிக்கிழமை காலை முழுவதும் ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். ஹோய்ட் ஈரத்துணியோடு பக்கத்தில் நின்றான். ஆரஞ்சு. ஆரஞ்சு. ஆரஞ்சு. இருபத்தொன்பதும் காட்டில் பிடித்த மாதிரி அப்பட்டமான ஆரஞ்சு.

அவள் அழவில்லை. கடைசிக் குட்டியை டப்பாவில் விட்டு மூடினாள். "ரெண்டு ஜீன் சேர்ந்து வேலை செய்யறதா இருக்கும். இன்னொரு தலைமுறை பாக்கணும். மூணு வருஷம்."

ஹோய்ட் துணியைக் கீழே வைத்தான். "வெர்லீன், அது ஜீன் இல்ல."

"நீ எப்பலேர்ந்து வாத்தியாரான?"

"அது ஐஸ்பெட்டி."

"எந்த ஐஸ்பெட்டி?"

அவன் சொன்னான். லாங்ஃபோர்டு, ஜெனரேட்டர், தொண்ணூற்றாறு டிகிரி, ஓக் மரம், எல்லாம்.

"எவ்வளவு நேரம்?"

"ஒன்றரை நாள்."

"பக்கத்துல என்ன இருந்துச்சு?"

"பீர். கொஞ்சம் தூண்டில் இறால்."

"என் முட்டைய இறாலோட வெச்சிருக்க" என்றாள். எழுந்து வெளியே போய், வாசலில் நின்ற பேருந்தில் ஏறி ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, கதவை இழுத்து மூடிக்கொண்டாள். ஹோய்ட் கதவுக்கு வெளியே நின்றான். வெயில் ஏறியது. லாங்ஃபோர்டு தன் வராந்தாவில் மூக்கில் குழாயோடு உட்கார்ந்து இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மணி நேரம் கழித்துப் பேருந்தின் ஜன்னல் இறங்கியது.

"அலமாரி அடிச்சது, பெட்டி கழுவினது, எல்லாம் இதுக்குத்தானா?"

"மொத வருஷம் இதுக்குத்தான்."

"அப்புறம்?"

அவன் தொப்பியைக் கழற்றி உள்ளே எதையோ தேடினான். "அப்புறம் அந்த ரூம் பழகிடுச்சு. மூணாவது அலமாரியில இருக்கற அந்தத் தேன் நிறத்துப் பொண்ணு, நான் போனா தலையத் தூக்கிப் பாக்குது. நீ போனா தூக்கறதில்ல."

வெர்லீன் முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே நெம்புகோலை இழுத்தாள். கதவு திறந்தது. "ஏறு."

பதினான்காம் எண் வழி முழுவதையும் ஓட்டினாள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் வழக்கம்போல் நின்றாள், யாரும் ஏறாவிட்டாலும் கதவைத் திறந்து மூடினாள். ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தி, "அஞ்சு வருஷம், ஹோய்ட். அந்தத் தாய்ப்பாம்பை நான் எப்படியெல்லாம் திட்டினேன்" என்றாள். அப்போதுதான் அழுதாள்.

அடுத்த வாரமே இருவரும் சீப்ரிங் போனார்கள். அந்த மனிதர் பாம்பைத் திருப்பித் தர மனமில்லாமல் இழுத்தடித்தார். நாலு குட்டிகளைக் கொடுத்து, ஹோய்ட் அவர் வீட்டு ஏசியையும் பார்த்துக் கொடுத்து, தாயை மீட்டு வந்தார்கள்.

அக்டோபரில் டாம்பா கண்காட்சி. வெர்லீன் சொன்னபடி மேஜைமேல் ஏறினாள். பேருந்தில் போடும் அதே குரல். முந்நூறு பேர் திரும்பினார்கள். "ஓகில்ஸ்பி வாத்தியார் சொன்னதே சரி. புயல்சாம்பல்னு ஒரு ஜீன் கிடையாது. அது என் புருஷனோட ஐஸ்பெட்டி" என்று தொடங்கி, இறால் உட்பட எதையும் விடாமல் சொன்னாள். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. ஹோய்ட் காது வரை சிவந்து நின்றான். ஆனாலும் ஓடவில்லை.

பின்னாலிருந்து ஒருவன் கேட்டான்: "ஐஸ் எத்தனை கிலோ போட்டீங்க?"

சிரித்துக்கொண்டிருந்த வெர்லீன் நிறுத்தினாள். "பதிமூணு செத்துச்சு. ரெண்டு கோண வாலோட பொறந்துச்சு. அதையும் எழுதிக்கோ. நிறம் கெடைக்கும்னு எவனாவது முட்டைய ஐஸ்ல வெச்சான்னு தெரிஞ்சா, நானே வந்து அவனை அதே பெட்டியில உக்கார வெப்பேன்."

அவள் இறங்க ஓகில்ஸ்பி கை கொடுத்தார். "பந்தயம் செல்லாது, வெர்லீன். ஹோய்ட் என்கிட்ட ரெண்டு வருஷம் முன்னாடியே கேட்டுட்டான். விடை தெரிஞ்சுக்கிட்டுப் பரீட்சை எழுதறது தப்பு. நானே முப்பது வருஷம் புள்ளைங்களுக்கு அதைச் சொல்லியிருக்கேன்."

"ஏசி ரிப்பேரு" என்றாள் வெர்லீன் மெதுவாக, ஹோய்ட்டைப் பார்த்து.

தப்புக்குத் தண்டனையாக ஓகில்ஸ்பி நவம்பரில் ஒரு வாரம் பதினான்காம் எண் வண்டியில் முன்சீட்டில் உட்கார்ந்தார். திங்கட்கிழமை அவர் தொப்பி போனது. வியாழக்கிழமைக்குள் இரண்டாம் வகுப்பு முழுவதும் மறைந்து நிற்கும் ஜீன் என்றால் என்னவென்று கற்றுக்கொண்டு, தன் காது அம்மாவுடையதா அப்பாவுடையதா என்று வீட்டில் போய்ச் சண்டை போட்டது. வெள்ளிக்கிழமை இறங்கும்போது, இருபத்தொன்பதில் ஒன்றைத் தனக்குத் தர முடியுமா என்று கேட்டார். "சாதாரண ஆரஞ்சுதானே, வாத்தியாரே" என்றாள் அவள். "நானும் சாதாரணந்தான்" என்றார்.

டீக்கனுக்கு இப்போது எட்டு வயது. கரி மொத்தமும் உரிந்துபோய்ப் பளிச்சென்ற ஆரஞ்சில் இருக்கிறான். முதுகுக் கோடு மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

போன மாதம் நான் வெர்லீன் வீட்டில் இருந்தபோது பெட்ரோல் பங்கில் வேலை செய்யும் டார்வின் ஸ்பெக் என்பவன் ஒரு அட்டைப்பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தான். வெர்லீன் இன்னும் வண்டியிலிருந்து திரும்பவில்லை. தன் சோளப்பாம்பு ஒரு வாரமாக நீலமாகிக்கொண்டு வருகிறது, கண்கூட நீலமாகிவிட்டது, உலகத்தில் யாரிடமும் இப்படி ஒன்று இருக்காது, பெயர்கூட யோசித்துவிட்டேன் என்று மூச்சு விடாமல் சொன்னான்.

ஹோய்ட் மூடியைத் திறந்து, பாம்பை ஒரு கையால் சாதாரணமாகத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தான்.

"என்ன பேரு வெச்ச?"

"நடுக்கடல்."

"நல்ல பேரு" என்றான் ஹோய்ட். "இன்னும் நாலஞ்சு நாள்ல சட்டை உரிக்கப் போவுது, தம்பி. அதான் பால் படிஞ்ச மாதிரி இருக்கு. உரிச்சதும் பழைய நிறம் வந்துடும். அதுவரைக்கும் கொஞ்சம் ஈரமா வெச்சிரு, எலி குடுக்காத."

டார்வின் முகம் தொங்கிப்போனது. ஹோய்ட் பாம்பைப் பெட்டியில் விட்டு மூடி, உள்ளே போய் இரண்டு தட்டில் 'பை' என்னும் எலுமிச்சை இனிப்பை எடுத்து வந்தான். ஒன்றை அவனிடம் நீட்டி, இன்னொன்றை எனக்குத் தராமல், அவன் பக்கத்தில் உட்கார்ந்து தானே தின்ன ஆரம்பித்தான்.